நேரில் வந்து பேசிக்கிடுதேன்

சைகோனில் நான் முதலில் பார்த்தது ஒரு ரோடு. முக்கால் மணி நேரம் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் என்னால் தாண்ட முடியவில்லை.

ஏர்போர்ட் பஸ் ஒரு பக்கம் இறக்கிவிட்டது. நான் தங்க வேண்டிய விடுதி எதிர்ப்பக்கத்துச் சந்துக்குள். 'இரண்டு நிமிட நடை' என்கிறது மொபைல் வரைபடம். அதற்கென்ன, அது சொல்லும். நடுவில் மோட்டார் சைக்கிள் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. விட்டு விட்டு வந்தாலாவது இடைவெளி பார்த்துப் பாயலாம். ஒரு வண்டியில் அப்பன், ஆத்தா, நடுவில் பிள்ளை, பிள்ளை மடியில் நாய்க்குட்டி. இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு போகிறான். அதில் என் முகம் ஒரு நொடி தெரிந்து போனது. பார்க்கச் சகிக்கவில்லை.

கோவில்பட்டி மெயின் ரோட்டில் செய்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டினேன். பதினாலு வருசமாக டீச்சர் வேலை. நான் கையைத் தூக்கினால் எட்டாம் வகுப்பு முழுக்க வாயை மூடும். இங்கே ஒருத்தனும் சட்டை பண்ணவில்லை. ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே எனக்குத் திரும்பக் கையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் அவளுக்கு டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள், புண்ணியவதி.

முதுகுப் பை தோளை அறுத்தது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஆனால் வேர்வை சொட்டுகிறது. புகை, மீன் வாடை, எங்கிருந்தோ மைக்கில் ஒருத்தன் சுதி இல்லாமல் பாடுகிற சத்தம், ஹாரன், ஹாரன், ஹாரன். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். ரோட்டுக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். அது வேறு விசயம்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கழுகுமலைக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊர். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் முடித்து ஒன்றரை வருசத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். அன்றைக்கு என்னைக் கூட்டிவர அப்பாதான் வந்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதே கிடையாது. ஊர் கேட்டது, சொந்தம் கேட்டது, அம்மா கூட ஜாடையாகக் கேட்டாள். அவர் கேட்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுசனிடம்தான் நான் அந்தப் பேச்சுப் பேசினேன்.

ஒரு தடவையாவது யாருக்கும் சோறு பொங்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், எங்கேயாவது தனியாகப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு பைத்தியம். திருச்சியிலிருந்து வியட்நாமுக்கு நேராக விமானம் போகிறது என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னார்கள். டிக்கெட் போட்டுவிட்டேன். காலாண்டுப் பரீட்சை லீவு ஒன்றுதான் எனக்குக் கிடைக்கும். கிரகம், அந்த லீவும் எங்கள் காட்டு விதைப்பும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். புரட்டாசியில் காட்டை உழுது போட்டு, மழை வரும் என்ற நம்பிக்கையில் மக்காச்சோளமும் உளுந்தும் விதைப்போம். வேலையாட்களுக்குச் சாப்பாடு, விதை எடுத்துக் கொடுப்பது எல்லாம் வருசா வருசம் நான்தான்.

"வெதைப்பு நேரத்துல ஊர் சுத்தப் போறியாக்கும்" என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் குதித்தேன்.

"முப்பது வருசமா அந்த மண்ணுல அள்ளி அள்ளிப் போட்டீயளே, என்னத்தக் கண்டீய? பன்னி திங்கவும் புழு திங்கவும்தான வெதைக்கிய? அதுக்கு நான் காவல் கெடக்கணுமா?"

கையில் எடுத்த சோற்றை அவர் தட்டிலேயே வைத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். அதோடு சரி. பன்னிரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. "அவள வந்து சாப்பிடச் சொல்லு", "அவகிட்ட குடை இருக்கான்னு கேளு" எல்லாமே அம்மா வழியாகத்தான். நான் புறப்பட்ட அன்றைக்கு விடிந்ததும் காட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் 'போயிட்டு வா' என்று சொல்ல வேண்டும். அப்பா வாயால் அது இல்லாமல் நான் எந்தப் பயணமும் போனதில்லை, கழுகுமலைத் தேருக்குக்கூட. பஸ் எங்கள் காட்டைத் தாண்டும்போது பார்த்தேன். வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பஸ் சத்தம் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

திருச்சி போய்ச் சேர்வதற்குள் முடிவு பண்ணிவிட்டேன். இறங்கியதும் போன் போட்டு, 'அப்பா, நான் பேசினது தப்பு' என்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வரி. அதைச் சொல்லிவிட்டால் மற்றது தன்னால் சரியாகிவிடும்.

அந்த ஒரு வரியைத்தான் ரோட்டோரம் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தள்ளுவண்டி நிறையக் கீரைக்கட்டு வைத்து ஒரு பெண் ரோட்டில் இறங்கினாள். இடது வலது எதுவும் பார்க்கவில்லை. நானும் அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்கினேன். வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அந்த ஊரில் அதுதான் முறையாம். நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது, நம் பாட்டுக்கு நடக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

விடுதி இருந்த சந்து எங்கள் வீட்டு வாசல்நடை அகலம்தான் இருக்கும். அதற்குள்ளேயும் மோட்டார் சைக்கிள். வீட்டு முன்னறையில் வண்டியை நிறுத்தி, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேலே கரண்டு வயர், போன் வயர் எல்லாம் சேர்ந்து சிடுக்குப் பிடித்த தலைமுடி மாதிரி தொங்குகிறது. ஒரே அறையில் ஆறு படுக்கை, மேலும் கீழுமாக. எனக்கு மேலே. மற்ற ஐந்திலும் இருபது வயசுப் பிள்ளைகள், எந்தெந்த நாடோ. அதில் ஒருத்தி, "தனியாவா வந்தீங்க? எவ்வளவு தைரியம்!" என்று இங்கிலீஷில் சொன்னாள். தைரியமாவது, மண்ணாவது. அப்பாவுக்குப் போன் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. அங்கே சாயங்காலம் ஆகியிருக்கும், காட்டிலிருந்து அலுப்பாக வந்திருப்பார், நாளைக்குப் பேசலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் ஊரைச் சுற்றினேன். சுற்றினேன் என்ன, தொலைந்தேன். ஒரு சந்தில் நுழைந்தால் அது இன்னொரு சந்தில் விடுகிறது. பெயர்ப் பலகை எல்லாம் இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்கும், வாசித்தால் ஒன்றும் விளங்காது. நடைபாதையில் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுச் சனங்கள் குனிந்து குனிந்து நூடுல்ஸ் உறிஞ்சுகிறார்கள். நானும் விரலால் ஒன்றைக் காட்டி உட்கார்ந்தேன். பெரிய கிண்ணம் வந்தது, கூடவே ஒரு தட்டு நிறையப் பச்சிலை. எதைப் போட வேண்டும், எதை அப்படியே தின்ன வேண்டும் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பார்ப்பதாகத் தோன்றியது. ரெண்டு வாய் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். ஊரில் கல்யாண வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் கூச்சம், நான் எந்த ஆணவத்தில் இங்கே வந்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. வண்டியில் போனவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். கணுக்கால் தண்ணீர் கால் மணியில் முழங்கால் தண்ணீர் ஆகிவிட்டது. ஒரு கடைக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த மழையைப் பார்த்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர்களுக்கு எதுக்கு இவ்வளவு? சிமென்ட் ரோட்டில் பெய்து சாக்கடையில் போகிற மழை! அங்கே ஒரு மனுசன் காட்டை உழுது போட்டு, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்து கிடக்கிறார்.

தம்பிக்கு, 'மழை உண்டா?' என்று மெசேஜ் போட்டேன். அவன் கோவில்பட்டியில் உரக்கடையில் வேலை பார்க்கிறான், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். 'ஒரு பொட்டு இல்லக்கா. அப்பா இன்னைக்கு வெதைச்சாச்சு' என்று பதில் வந்தது. கூடவே காட்டின் படம். கறுப்பு மண், கறுப்பு மண், கடைசியில் ஒரு வேலிக்கருவை. நான் இல்லாமல் விதைப்பு முடிந்துவிட்டது. விதை யார் எடுத்துக் கொடுத்திருப்பார்கள், சோறு யார் கொண்டுபோயிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதே அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூரை மேல் மழைச் சத்தம், ரோட்டில் ஹாரன் சத்தம், இந்த இரைச்சலில் எப்படிப் பேசுவது என்று ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. அப்போது ஒரு சந்தைக்குள் இருந்தேன். இரண்டு பேர் ஒட்டி நடக்க முடியாத சந்து, ரெண்டு பக்கமும் மீன் தொட்டி, தவளை, கோழி, மலை மாதிரி குவித்த மிளகாய். கத்தினால்தான் வியாபாரம் போல. அதற்குள்ளும் ஹாரன் அடித்துக்கொண்டு ஒருத்தன் வண்டியில் வருகிறான்.

"அக்கா, எங்கன இருக்க?" தம்பி குரல்.

"சந்தையில. ஏம்ல?"

"ஒண்ணுமில்ல. அப்பாவுக்கு லேசா நெஞ்சு வலிக்குன்னாவ. கோவில்பட்டியில ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. பயப்படுததுக்கு ஒண்ணுமில்லக்கா. முடிஞ்சா டிக்கெட்ட மாத்திக்கிட்டு வந்துரு."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டோம். வழியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? உடம்புக்கு முடியவில்லை, புறப்பட்டு வா என்றுதான் சொல்வோம். வருகிறவர்கள் தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் போனைப் போடுகிற ஆளே நான்தான். 'டீச்சர் பதறாமப் பேசுவா' என்று என்னிடம்தான் போனைக் கொடுப்பார்கள். மும்பையில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு அவன் அப்பா இறந்ததை அப்படித்தான் சொன்னேன். அதில் ஒரு பக்குவம் உண்டு. அழக் கூடாது. ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டும். லேசாக என்று சொல்ல வேண்டும். உடனே வா என்று சொன்னால் சந்தேகம் வரும், முடிந்தால் வா என்று சொல்ல வேண்டும். தம்பி ஒன்று விடாமல் அப்படியே சொன்னான். நான் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவன் அல்லவா.

போனில் அம்மா வந்தாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. அழுதழுது கட்டிய குரல் என்று எனக்குத் தெரியாதா?

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"இரு, அப்பா ஒன்கிட்ட பேசணுங்காவ. குடுக்கேன்."

ஐயோ, அதுவும் என் வேலைதான். மும்பைக்காரன் நம்பாமல் துருவித் துருவிக் கேட்டபோது, 'இருங்கண்ணே, பெரியப்பாகிட்ட குடுக்கேன்' என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, 'டாக்டர் வந்துட்டாவ, பொறவு பேசுங்க' என்றேன். அவன் நம்பினான். அம்மா அன்றைக்கு என் பக்கத்தில்தான் இருந்தாள். இப்போது அவளும் அதையே செய்கிறாள், புருசனைப் பறிகொடுத்த கையோடு, எனக்காக. அடுத்து, டாக்டர் வந்துவிட்டார் என்பாள். இல்லையென்றால் தூங்கிவிட்டார் என்பாள். அந்தப் பொய்யை அவள் வாயால் சொல்ல விடக் கூடாது என்று மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"வேண்டாம்மா. இங்கன ஒரே சத்தம். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நேர்ல வந்து பேசிக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு போனை ஃபிளைட் மோடில் போட்டேன். இனி யாரும் எனக்காகச் சிரமப்பட்டு நடிக்க வேண்டாம்.

சந்தை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி மீன் செதிலைச் சீவிக்கொண்டே இருந்தாள், ஒரு செதில் என் கையில் வந்து ஒட்டியது. வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஹாரன். நடைபாதையிலும் வண்டி! எழுந்து தள்ளி உட்கார்ந்தேன். அங்கேயும் ஒருத்தன் வந்து ஸ்டூல்களை அடுக்க ஆரம்பித்தான். அப்பன் செத்துப்போனான் என்று உட்கார்ந்து அழ அந்த ஊரில் ரெண்டடி இடம் இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தி குரல் எடுத்தால் தெருவே வந்து கட்டிப் பிடிக்கும். வேண்டாதவளும் வருவாள். இங்கே இத்தனை லட்சம் சனத்தில் என்னைத் தொட ஒரு கை கிடையாது. நான் அந்த ஒரு வரியைச் சொல்லவே இல்லை, இனிமேல் சொல்ல ஆளும் இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. பன்றியும் புழுவும் தின்னத்தான் விதைக்கிறீர்கள் என்று சொன்னேனே, அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

விடுதிக்குப் போய், உடுத்திய துணியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சாவு கேட்டால் குளிக்க வேண்டும் அல்லவா. நெற்றிப் பொட்டை எடுத்தேன். ஈரத் துணியோடு வெளியே வந்த என்னைப் பார்த்து வரவேற்பு மேசைப் பெண் பதறிப்போனாள். என் வயசுதான் இருக்கும், ஒல்லியான உடம்பு. அவள் தன் போனில் அவள் பாஷையில் எதையோ சொல்ல, அது தமிழில் எழுதிக் காட்டியது: 'உங்களுக்கு என்ன நிகழ்ந்தது?' நான் அந்தப் போனை வாங்கித் தமிழில், 'என் அப்பா இறந்துவிட்டார்' என்று அடித்தேன்.

அவள் வாசித்தாள். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வாசலில் தரையோடு தரையாக ஒரு சிவப்புச் சாமி மாடம் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் என்னைக் கூட்டிப்போய் மூன்று ஊதுபத்தி கொளுத்தி என் கையில் கொடுத்தாள். நான் அப்பாவை நினைத்துக்கொண்டு குத்திவைத்தேன். டிக்கெட்டை அவளே கம்ப்யூட்டரில் தேடி மாற்றிக் கொடுத்தாள். நான் திருச்சியில் இறங்கும் நேரத்தை மட்டும் அதிலிருந்தே தம்பிக்கு மெயில் போட்டேன். ரெண்டு நாள் கழித்து விடியக்காலைதான் இடம் இருந்தது. ரெண்டு நாளா! அதுவரை எனக்காக வைத்திருக்க மாட்டார்கள், எடுத்துவிடுவார்கள், முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

அந்த ரெண்டு நாளும் நடந்தேன். உட்கார்ந்தால் தாங்கவில்லை. ரோட்டைத் தாண்டுவது இப்போது சுலபமாக இருந்தது. எது வந்து மோதினால் என்ன என்று இறங்கி நடந்தேன், எல்லாம் ஒதுங்கிப் போயின. ஊர் என்னைச் சட்டையே பண்ணவில்லை. அதே இரைச்சல், அதே மூன்று மணி மழை, அதே மைக் பாட்டு. எங்கே சாப்பிட்டேன், சாப்பிட்டேனா என்றே நினைவில்லை.

அந்த ஊரில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் கட்டியது. ஊரில் இருந்து புறப்படும்போதே அதைப் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். போனேன். வாசலில் பூ விற்கிறார்கள், உள்ளேயிருந்து சாம்பிராணி வாசம் வருகிறது, அந்த ஊர்ச் சனங்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சுவரில் நெற்றியை வைத்து அம்மனிடம் வாய்விட்டுச் சொல்வார்களாம். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் எனக்குத் தீட்டு. சாவு காதில் விழுந்துவிட்டது, படி ஏறக் கூடாது. எதிர்ப்பக்கம் ஒரு காபிக்கடை ஓரம் நின்று, வண்டிகளுக்கு நடுவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் இருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று பக்கத்தில் வந்து, "உள்ள போகலையாங்க? நல்லா இருக்கு" என்றது. "நீங்க போங்க" என்றேன்.

திருச்சியில் இறங்கியபோது சித்தப்பா காரோடு நின்றார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு ரொம்ப முடியல தாயி. வா, வெரசாப் போவோம்" என்றார்.

"எனக்குத் தெரியும் சித்தப்பா. மறைக்காண்டாம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டிக்கொண்டே அழுதார். நான் அழவில்லை. என் அழுகையை அந்த ஊர் ரோட்டிலேயே செலவழித்துவிட்டு வந்திருந்தேன். விருதுநகர் தாண்டி, சாத்தூர் தாண்டி, கரிசல் காடு ரெண்டு பக்கமும் வந்தது. மழை இன்னும் பெய்திருக்கவில்லை. அடக்கம் முடிந்திருக்கும், அம்மாவைக் கட்டிக்கொண்டு எப்படி உட்காருவது என்று அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

தெருமுனையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டு முடியவில்லை. ஒரு பக்கத் தகரத்தைக் கட்டிவிட்டு, மறுபக்கம் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா நடுவீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது, முகத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்களே என்று. முகம் தூங்குகிற மாதிரித்தான் இருந்தது.

அத்தை என்னைக் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தாள். அவள் ஓய்ந்ததும், "எனக்காவ ரெண்டு நாளா வச்சிருந்தியளா அத்தை?" என்று கேட்டேன்.

"என்ன ரெண்டு நாளு?" என்றாள் அத்தை. "இன்னைக்குக் காலையில ஏழு மணிக்குத்தானட்டி. இட்லி ரெண்டு தின்னாவ, காப்பி கேட்டாவ. ஆத்திக் குடுக்கதுக்குள்ள சாஞ்சிட்டாவ. வெள்ளிக்கிழம வீட்டுக்குப் போலாம்னு டாக்டரு சொன்னாராமே!"

தம்பியைத் தேடினேன். அவன் வாசலில் பந்தல்காரர்களோடு நின்றான். அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு ஏன்ட்டி போன வச்ச?" என்றாள். "நீ சொன்னது எனக்கு ஒண்ணும் வெளங்கல. அதுக்குள்ள போன அவுக கையில குடுத்திட்டேன். அலோ, அலோன்னாவ. தாயின்னு கூப்பிட்டாவ. பொறவு என்கிட்ட திருப்பி நீட்டிட்டு, 'அவளுக்கு என் மேல கோவம் இன்னும் தீரல போலுக்கு. சரி, வரட்டும்'னாவ. தம்பியும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தான், ஒன் போனு போவவே இல்ல. நேத்து பூரா அந்த ரூம் வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தாவ."

அம்மா என்னைக் குத்திக்காட்டவில்லை. நான் ஏன் பேசவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.